வடிச்ச தண்ணி

ஏனுங்ணா, பெனிட்டா பொண்ணு அனுப்பிச்ச ஆளு நீங்கதானுங்களா? அந்தச் சாப்பாட்டு டாக்டர் பொண்ணு? அப்ப வாங்க, இப்படி உக்காருங்க. அக்கட்டால உக்காராதீங்க, அந்த ஜன்னல் வெயிலு நேரா மூஞ்சியிலயே அடிக்கும். உங்க வீட்டம்மா உள்ள போயாச்சுங்களா? எந்தக் கட்டில்? சென்னியப்பன்னு நர்சு கூப்பிட்டாங்கல்ல, நெட்டையா ஒருத்தரு, அவருக்கு எதுத்த கட்டிலா? அவருதானுங்க எங்க வீட்டுக்காரரு. இனி நாலு மணி நேரம் அந்த மிசினு சுத்தும், நாம இங்க உக்காந்து செவுத்தைப் பாக்கோணும். டயாலிசிஸ்னா வெளிய இருக்கறவங்களுக்கு அவ்வளவுதானுங்க.

என்ன சொல்லுச்சு என்னைப் பத்தி? "சம்பூர்ணம்மா மாதிரி பத்தியச் சமையல் யாருக்கும் வராது, போய்க் கேட்டுக்கங்க"ன்னுச்சா? சொல்லும் சொல்லும். அதுல பாதியைத் தள்ளிட்டுக் கேளுங்க. பாதி என்ன, முக்காவாசியத் தள்ளுங்க. தன்னடக்கமெல்லாம் இல்லீங்க, அது என்கிட்டக் கிடையாது. எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, சம்பூர்ணம் தன் சமையலைப் பத்திப் பேச ஆரம்பிச்சா பால்காரன் கூட நிக்காம ஓடிருவான்னு. ஆனா இப்பக் கொஞ்ச நாளா யாராவது என்னைப் புகழ்ந்தா எந்திரிச்சுப் போயிரலாம்னு இருக்குதுங்க. அதை விடுங்க.

என் பொண்ணு தாரணி இப்ப வருவா, அவ வந்தா நான் எந்திரிச்சுப் போகோணும், முன்னாடியே சொல்லிப்போடறேன். மாப்பிள்ளைக்கு ஓசூருக்கு மாத்தலாகிருச்சு. அப்பாவுக்காக இங்கயே இருக்கறேன்னு சொல்லிட்டு இருந்த புள்ளை, இப்ப நாளைக்குக் காலையில கெளம்பறா. அவங்கப்பா கிட்டப் பேச்சில்லை. ஒரு வார்த்தை சொல்லாமயே போறா. டாக்டர் கிட்ட ஒருக்கா எல்லாம் பேசி என்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போறதுக்குத்தான் இன்னைக்கு மேல ஏறி வாரா. ஏன் பேச்சில்லையா? அது... அது வேற கதைங்க. நீங்க சமையலுக்கு வந்தீங்க, சமையலைக் கேளுங்க.

சமைக்கவே தெரியாதுங்களா உங்களுக்கு? சுத்தமா? வெந்நி வெக்கத் தெரியுமல்ல? அப்பப் போதும். கிட்னிக்காரங்க சமையல்ல பாதி வெந்நிதானுங்க.

எங்க வீட்டுக்காரரு கண்டக்டர். முப்பது வருஷம் பஸ்ஸுல ஓடுனாரு. காலையில ஒரு ஊரு, மத்தியானம் ஒரு ஊரு, எல்லாமே வெளிச்சாப்பாடு. காங்கேயத்துல இட்டிலி எந்தக் கடையில, பழனியில பொங்கல் எந்தக் கடையில, தாராபுரத்துல பரோட்டா எந்தக் கடையில, எல்லாம் அத்துப்படி. வீட்டுக்கு வருவாரு. நான் காலையில இருந்து நின்னு ஆக்கிப் போடுவேன். அதைச் சாப்பிட்டுக்கிட்டே, "ஏம்புள்ள, இன்னைக்குத் தாராபுரத்துல ஒரு சால்னா சாப்பிட்டேன் பாரு"ம்பாரு. என் வட்டல்ல கையை வெச்சுக்கிட்டு! ஒரு பொம்பளைக்கு ஆத்திரம் வர இதைவிட வேறென்னங்க வேணும்? குடிகாரனைக் கட்டியிருந்தாக் கூடச் சாராயக்கடை வாசல்ல போய்ச் சண்டை போடலாம். பரோட்டாக் கடையில போய் என்னன்னு சண்டை போடறது?

அதனால அவரு ரிட்டையர் ஆன அன்னைக்கே முடிவு பண்ணிப்போட்டேன். இனி இந்த மனுசன் வயித்துக்குள்ள போறது ஒவ்வொண்ணும் என் கையாலதான் போகோணும். வீட்டுக்குப் பொறத்தால கொஞ்சம் எடம் கெடந்துச்சுங்க, காரமுள்ளும் கண்ணாடிச் சில்லுமா. நானே கொத்தினேன். மாட்டுச்சாணி அள்ளிப் போட்டேன். தண்டங்கீரை, அரைக்கீரை, நாட்டுத்தக்காளி, வெண்டை, கத்திரி, வேலியோரம் முருங்கை, அந்தக் கடைசியில பூவன் வாழை. மருந்து ஒரு சொட்டு அடிக்கலை. பூச்சி திங்கறதைத் தின்னட்டும், மிச்சம் நமக்கு. அரிசி எங்கண்ணன் வயல்ல இருந்து வந்துரும். எண்ணெய் மூணாவது தெருச் செக்குல கண்ணு முன்னால ஆட்டி வாங்கறது.

காலையில பனி ஈரத்தோட கீரையப் பறிச்சுட்டு வந்து, மண்ணுசட்டியில வேகவெச்சு, பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டுக் கடைஞ்சு, சுடுசோத்துல ஊத்தி, ஒரு சொட்டு நல்லெண்ணெய். எலை கூட நம்ம வாழையில அறுத்தது. அவரு சாப்பிடறதை எதுத்தாப்புல உக்காந்து பாப்பேன். நெத்தியில வேர்க்கும் அவருக்கு, சாப்பாடு புடிச்சுப் போச்சுன்னா. வெரலை நக்கிட்டு, "சம்பூர்ணம், போதும்டி இது, இதுக்கு மேல என்ன வேணும்"னாரு ஒரு நாள். தாராபுரத்தைப் பத்திப் பேச்சே இல்லீங்க. நான் ஜெயிச்சுப்போட்டேன். நெசமாச் சொல்றேன், என் கல்யாணத்தன்னைக்குக் கூட எனக்கு அப்படி ஒரு சந்தோசம் இல்லை.

அப்புறம் கால் வீங்குச்சு. மூஞ்சி வீங்குச்சு. இங்க கூட்டியாந்தா ரெண்டு கிட்னியும் வேலை செய்யலைங்கறாங்க. பிரஷரைப் பாக்காம விட்டதாலயாம். டாக்டர் அப்படித்தான் சொல்லுவாரு, அவரு படிச்சது அது. எனக்குத் தெரியாதுங்களா? எல்லாம் அந்தச் சால்னாதான்.

பெனிட்டா கிட்டப் போனமா, அது என்னென்ன சாப்பிடக்கூடாதுன்னு சொல்லுச்சு. கீரை கூடாது. தக்காளி கூடாது. முருங்கை கூடாது. வாழைப்பழம் கூடாது, எளநி கூடவே கூடாது. நேரா எங்க தோட்டத்துக்குள்ள நின்னு பார்த்துட்டு வந்து சொன்னாப்புல இருந்துச்சுங்க. "கண்ணு, இதெல்லாம் மருந்தடிக்காம நான் வளத்தது, கடையில வாங்கலை"ங்கறேன். "யாரு வளத்தாலும் அதுல பொட்டாசியம் இருக்கும்மா, கெட்டுப்போன கிட்னியால அதை வெளிய தள்ள முடியாது, அது ரத்தத்துல ஏறுனா நெஞ்சு நின்னுரும்"ங்குது. எனக்கு மூஞ்சியில அடிச்சாப்புல ஆயிருச்சு. என் கீரைக்குள்ள அப்படி ஒண்ணு இருக்குதுன்னா நம்பறதா?

அழுவாச்சியா வந்துருச்சு எனக்கு. அதைப் பார்த்துட்டுத்தான் அந்தப் பொண்ணு எறங்கி வந்துச்சு. சரிம்மா, கீரை என்னைக்காவது ஒரு நாளைக்குக் கொஞ்சூண்டு, காய் தெனமும் கொஞ்சம், ஆனா இப்படி இப்படிப் பண்ணோணும்னு சொல்லிக் குடுத்துச்சு. கேட்டுக்கங்க. எந்தக் காயா இருந்தாலும் பொடுசாப் பொடுசா அரியோணும். நெறையத் தண்ணியில ஊறப்போடோணும். அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டு, வேற தண்ணி நெறைய வெச்சு நல்லாக் கொதிக்க வெக்கோணும். மூடி போடாதீங்க. வெந்ததும் வடிகட்டியில கொட்டி வடிச்சுப்போட்டு, சக்கையாட்ட இருக்கும் பாருங்க, அதைத் தாளிச்சுக் குடுக்கோணும். ருசி இருக்காதுங்க. சீரகம், பூண்டு, ஒரு துளி எலுமிச்சைன்னு போட்டு ஏமாத்தோணும். உப்பு கண்ணுல காட்டக்கூடாது.

இதைத்தான் அந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கே வந்து செல்போன்ல புடிச்சுட்டுப் போச்சு. நீங்களும் பாத்தீங்களா? அந்த மாம்பழக் கலர் சேலை நல்லா இருந்துச்சுல்லீங்க. நான் அரியறது, ஊறவெக்கறது, வடிக்கறது எல்லாம் புடிச்சுது. வடிச்ச தண்ணியை... அதை... அதை என்ன, கொட்டறதுதானுங்க.

நீங்க என்ன பண்றீங்க அதை?

என்ன பண்றீங்க?

சூப்பா?

ஏனுங்ணா, இருங்க, இருங்க. மெதுவாச் சொல்லுங்க. வீடியோவுல நான் வடிச்ச தண்ணியைப் போசியில புடிச்சு, பத்தரமாத் தட்டுப் போட்டு மூடி, அடுப்புத் திட்டு மேல ஏத்தி வெச்சேனா? சரி. காய்ச் சக்கையை மட்டும் சும்மா வட்டல்ல கொட்டிட்டு, தண்ணியை மூடி வெச்சதால, தண்ணிதான் மருந்தாட்ட இருக்குதுன்னு நெனைச்சீங்களா? நெனைச்சு, மொளகுத்தூள் போட்டு உங்க வீட்டம்மாவுக்குக் குடுத்தீங்களா? அட என் சாமி! எத்தனை நாளா? தெனமுமா?

அவங்களுக்குக் கால் எப்படி இருக்குது? தூக்கி வெக்க முடியலை, கனமா இருக்குதுன்னாங்களா? இன்னைக்குக் காலையிலயா? படபடன்னு வருதுன்னாங்களா?

எந்திரிங்க. எந்திரிங்கண்ணா, செருப்பெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம். நர்சு கிட்ட இப்பவே சொல்லோணும். வாங்க எங்கூட. ஏ கண்ணு, ஏ நர்சம்மா! கதவைத் தொற சாமி!

உக்காருங்க. இனி உள்ள அவங்க பாத்துக்குவாங்க, இந்தப் பாட்டல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க, உங்களுக்கென்ன, நீங்க குடிக்கலாம். அதான் நர்சு சொல்லிருச்சுல்ல, ரத்தம் பார்த்தாச்சு, நெஞ்சுக்கு அந்தக் கம்பியெல்லாம் ஒட்டிப் பார்த்தாச்சு. பொட்டாசியம் எச்சாத்தான் இருக்குது, ஆனா மிசினே எறக்கிப்போடும், ராத்திரிக்கு மட்டும் இங்கயே இருக்கட்டும்னு. ஒண்ணும் ஆகாதுங்க. நல்ல நேரத்துக்குச் சொன்னீங்கன்னு அதுவே சொல்லுச்சு. அழுகாதீங்கண்ணா. ஆம்பளை அழுதா என்னால பாக்க முடியாது.

ஆனா ஒண்ணு கேக்கறேன். நர்சு உங்களை அந்தத் திட்டுத் திட்டுச்சு. "யாருய்யா உங்களுக்கு இந்தத் தண்ணியைக் குடுக்கச் சொன்னது?"ன்னு கேட்டுச்சு. நான் பக்கத்துல நிக்கறேன். நீங்க என்ன சொன்னீங்க? "யாருமில்லம்மா, நானாத்தான் கூறுகெட்டுப் பண்ணிப்போட்டேன்"னீங்க. ஏங்க அப்படிச் சொன்னீங்க? இந்தா நிக்கறாளே மாம்பழச் சேலைக்காரி, இவளைப் பார்த்துத்தான்னு சொல்றதுக்கென்ன? பாவம்னு விட்டீங்களாக்கும். உங்களுக்கெல்லாம் என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது? ஒரு திட்டுத் தாங்காத ஆளாட்டவா?

நானும் வாயைத் தொறக்கலை. அதையும் சொல்லிப்போடறேன். நீங்க திட்டு வாங்கறப்ப நான் முந்தானையைச் சுருட்டிட்டு நின்னேன். இது ரெண்டாவது தடவைங்க நான் அப்படி நிக்கறது.

கேளுங்க. இனி ஒளிச்சு என்ன ஆகப்போகுது.

முதல் நாள் பெனிட்டா சொன்னாப்புலயே செஞ்சேன். கீரைய வேகவெச்சு, வடிச்சு, தண்ணியைப் போசியோட தூக்கிட்டுப் போய்த் தொட்டியில சாய்ச்சேன். பச்சைப்பசேல்னு ஓடுதுங்க. வாசம் கும்முனு வருது. என் கண்ணு முன்னாடி சாக்கடைக்குப் போகுது. கை வரலீங்க. பாதியில நிமித்திட்டேன். எங்க பக்கமெல்லாம் கொள்ளு வேகவெச்ச தண்ணியைக் கொட்டுவமா? தட்டப்பயிறு வேகவெச்ச தண்ணியைக் கொட்டுவமா? அதுலதானே ரசம் வெப்போம்? எங்கம்மா இருந்தா கன்னத்துலயே ஒண்ணு போட்டிருப்பாங்க. சத்தை ஊத்திப்போட்டுச் சக்கையைப் புருசனுக்குப் போடறயான்னு.

அன்னைக்கு மிச்சத் தண்ணியைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊத்துனேன். மறுநாளும் செடிக்கு ஊத்துனேன். செடி தளதளன்னு வருது. மனுசன் எளச்சுட்டே போறாரு. சாப்பாட்டுக்கு முன்னாடி உக்காந்து, எப்படா முடியும்னு பாக்கறாரு. தாராபுரத்தைப் பத்தி நெனைக்கிறாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம் வேற. எனக்கு மனசு கேக்கலை. ஒரு நாள் அந்தத் தண்ணியில மொளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு ஒரு கொதி விட்டு, ஒரு டம்ளர்ல கொண்டு போய்க் குடுத்தேன். ஒரே ஒரு டம்ளர்தானுங்க. சின்ன டம்ளர். குடிச்சாரு. நெத்தியில வேர்த்துச்சு. அதுக்கு முன்னாடி எத்தனையோ நாளா அந்த நெத்தி வேர்க்கவே இல்லீங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. நான் கெடுதலா நெனைச்சேன்? எம்புருசன் சாப்பிடோணும்னுதானே நெனைச்சேன்?

அப்புறம் தெனமும் ஆயிருச்சு. சில நாள் கேட்டே வாங்குவாரு. நீங்க பாத்த அந்த வீடியோ புடிச்ச அன்னைக்கும், அந்தப் பொண்ணு வாசப்படி தாண்டறதுக்குள்ள நான் அடுப்பைப் பத்த வெச்சுட்டேன். அதுக்குத்தான் அந்தத் தட்டு, அந்த மூடி எல்லாம். அந்தப் பொண்ணு "எல்லாரும் இவங்களைப் பாத்துக் கத்துக்கங்க"ன்னு அதை எல்லாருக்கும் வாட்சப்புல போட்டுருச்சு. இனி எத்தனை வீட்டுல மூடி வெச்சுட்டு இருக்கறாங்களோ, கடவுளே.

ஒரு ஞாயித்துக்கிழமை. குளிக்கப் போனவரு கூப்பிட்டாரு, "ஏம்புள்ள, கால் வரலை"ன்னு. போய்ப் பார்த்தா பக்கெட்டைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறாரு, எந்திரிக்க முடியலை, ஒதடெல்லாம் ஒரு மாதிரி. தாரணிக்குப் போன் போட்டேன், கார்ல போட்டுட்டு ஓடியாந்தோம். டாக்டர் அந்த நெஞ்சுப் படத்தைப் பார்த்துட்டு ஓடறாரு, நர்சுக ஓடுது. கொஞ்ச நேரம் கழிச்சுன்னா ஆளே இல்லைன்னாங்க. மிசின்ல போட்டு, சாயங்காலம்தான் கண்ணைத் தொறந்தாரு.

கண்ணைத் தொறந்ததும் டாக்டர் கேட்டாரு, "இவ்வளவு பொட்டாசியம் எங்கிருந்து வந்துச்சு? வீட்டுல என்ன குடுத்தீங்க?" என்னைப் பார்த்துத்தான் கேட்டாரு. நான் வாயைத் தொறந்தேன். சாமி சத்தியமாத் தொறந்தேன். அதுக்குள்ள அவரு படுத்துட்டே சொல்றாரு, "வீட்டுல ஒண்ணுமில்லீங்க சார். பஸ்ஸ்டாண்டுப் பக்கம் போனேன். எளநி குடிச்சேன், தெனமும் குடிச்சுட்டு இருக்கேன். அப்படியே பரோட்டாவும்"னு.

வாய் மூடிருச்சு எனக்கு. தொறந்த வாய் தானா மூடிருச்சு. அதுலயும் பாருங்க, பொய் சொல்றதுக்குக் கூட அந்த மனுசனுக்குப் பரோட்டாதான் வருது. அந்த நேரத்துலயும் எனக்கு அது ஒரு கோவம். என் புத்தியை என்னன்னு சொல்றது.

டாக்டர் திட்டினாரு, சரி. தாரணி திட்டினா பாருங்க, அதுதான். "அம்மா ஒவ்வொரு காயா அரிஞ்சு, ஊறவெச்சு, வடிச்சுக் கொட்டறாங்க. நீங்க ரோட்டுல நின்னு எளநி குடிக்கறீங்களா? உங்க உசுரு மேல உங்களுக்கே அக்கறை இல்லை, நான் எதுக்குங்கப்பா ஓடியாரோணும்?"னா. அவரு தலையைக் குனிஞ்சுட்டாரு. குனிஞ்சுட்டு, "சரி கண்ணு, தப்புத்தான்"னாரு. பொண்ணு என்னைக் கட்டிப்புடிச்சுட்டு, "பாவம்மா நீ"ன்னு அழுகறா. அந்தப் பாவம்ங்கற வார்த்தை இருக்குதுங்களே, அது இன்னும் காதுலயே நிக்குதுங்க. அன்னையில இருந்து எங்களை ஆஸ்பத்திரி கேட்டுல எறக்கி விட்டுட்டுக் கீழ கார்லயே உக்காந்துக்குவா. இங்கயே இருக்கறேன்னவ ஓசூருக்கு மூட்டை கட்டிட்டா. அவரு கட்டில்ல படுத்துட்டு அந்தக் கதவையே பார்த்துட்டு இருப்பாரு, புள்ளை வருமான்னு.

நான் ஒரு நாள் கேட்டேன் அவரைய. ஏனுங்க இப்படி ஒரு பொய் சொன்னீங்கன்னு. சிரிக்கறாரு. "எனக்குக் கீரை வாசம் தெரியாதா புள்ள? முதல் டம்ளர்லயே தெரியும், இது அந்தத் தண்ணிதான்னு"ங்கறாரு. தெரிஞ்சுட்டேவா குடிச்சீங்க, கேட்டுக் கேட்டு வேற வாங்குனீங்களே, வேண்டாம்னு சொல்றதுக்கென்னன்னேன். "நீ டம்ளரைக் குடுத்துட்டுக் குடிச்சு முடிக்கற வரைக்கும் அங்கயே நிப்பே. உம் மூஞ்சியைப் பார்த்துட்டு வேண்டாம்னு எப்படிச் சொல்றது? ஸ்டாப்புல நிக்கலைன்னு முப்பது வருஷம் ஊரே என்னைத் திட்டுச்சு, இந்த டாக்டர் திட்டறதா பெருசு?"ன்னாரு. தாரணி பேச மாட்டேங்கறாளேன்னேன். "அதுவும் பரவாயில்லை"ன்னாரு. ஆனா அதைச் சொல்றப்ப என் மூஞ்சியைப் பாக்கலை. அக்கட்டால திரும்பிட்டாரு.

அவரு என்னைக் காப்பாத்தறேன்னு நெனைக்கறாரு. நானும் விட்டுட்டேன். தெனமும் காலையில எந்திரிக்கறப்ப நெனைப்பேன், இன்னைக்குச் சொல்லிப்போடோணும்னு. அப்புறம் ஊறப்போட்ட காய் ஞாபகம் வந்துரும், அடுப்புக்குப் போயிருவேன். இப்பக் கொட்டறேனுங்க தண்ணியை. கண்ணை மூடிட்டுக் கொட்டறேன். அப்பவும் கருவேப்பிலைச் செடிக்குத்தான், சாக்கடைக்கு மனசு வரலை. ஆனா தாரணி கிட்டச் சொல்ல வாய் வரலை. அவ என்னை எப்படிப் பாப்பா சொல்லுங்க? இத்தனை நாளா அம்மா கை பட்டா எல்லாம் அமிர்தம்னு சொல்லி வளந்தவ. மாப்பிள்ளை வீட்டுல கூட அப்படித்தான் சொல்லியிருக்கறா. அந்தக் கையாலதான் அவங்கப்பனுக்கு... வேண்டாம், அந்த வார்த்தையைச் சொல்லலை நான்.

இப்ப நீங்களும் என் பேரைச் சொல்லாம விட்டுட்டீங்க. உள்ள படுத்திருக்கறது ஒருத்தரு, வெளிய உக்காந்திருக்கறது ஒருத்தரு. முன்னப்பின்ன தெரியாத ஆளு நீங்க, உங்க வீட்டம்மா அங்க கெடக்கறாங்க, அதுக்கும் நான்தான் காரணம்னு தெரிஞ்சே என்னை விட்டுட்டீங்க. போதுமுங்க. இதுக்கு மேல தாங்காது எனக்கு. பெனிட்டா வரட்டும், அந்த வீடியோவை எடுக்கச் சொல்றேன், எதுக்குன்னும் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி...

அதா, படியில ஏறி வாரா பாருங்க. பச்சைச் சுடிதாரு. அவதான் தாரணி.

அண்ணா, எங்கயும் போயிராதீங்க. இங்கயே உக்காருங்க. என்னைப் பத்தி எனக்குத் தெரியும், நான் வேற பேச்சுப் பேசித் தப்பிச்சுருவேன். தப்பிச்சா, நீங்க "தண்ணி"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்.

வா கண்ணு. ஏன் இப்படி வேர்த்துப் போய் வாரே? லிப்டுல வாரதுக்கென்ன? இவரு வந்து, எதுத்த கட்டில் அம்மாவோட வீட்டுக்காரரு. டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்கறாரு, சித்த நேரம் ஆகும். உக்காரு. சாப்பிட்டயா நீ? மூட்டை கட்டறேன்னு பட்டினி கெடந்தயா? நான் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி எடுத்தாந்திருக்கறேன், தொட்டுக்கத் தயிரு இருக்குது. ஓசூர்ல தண்ணி உப்பாம்ல, பருப்பு வேகாதாம், ஒரு வாரத்துக்குப் பொடியெல்லாம் இடிச்சு...

ஆமாங்ணா. கேட்டுச்சுங்க. கேட்டுச்சு.

அது ஒண்ணுமில்லை கண்ணு, அவரு என்னைய ஞாபகப்படுத்தறாரு. பையைக் கீழ வை. என் கையைப் புடிக்காதே, சும்மா கேளு. அப்பா எளநி குடிக்கலை தாரணி. பரோட்டாவும் திங்கலை. பஸ்ஸ்டாண்டுப் பக்கமே போகலை. நான் குடுத்தேன். கீரை வடிச்ச தண்ணியை உங்கப்பாவுக்குத் தெனமும் நான்தான் குடுத்தேன். நீ அவரைத் திட்டறப்ப நான் பக்கத்துலயே நின்னேன்.

எங்க கண்ணு போறே? உக்காரு... சரி. சரி, போ. அந்தக் கதவுதான். செருப்பை வெளிய விட்டுட்டுப் போ சாமி. அப்பா முழிச்சுட்டுத்தான் இருப்பாரு.